ஊதா நைனா உருட்டிப் பார்த்த பென்சில்கள்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் எங்கே முடிப்பது என்று தெரியாது, நடுவில் மறதி வேறு வந்துவிடுகிறது. பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்ததால், மருமகள் மத்தியானம் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்வேன். ராயபுரம் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, பென்சில் என்ற பொருளை ஊதா நைனா அளவுக்கு மதித்த மனிதர் பிறக்கவில்லை. மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள். பெண் எடுக்கிறவர்கள் குலம் கோத்திரம் பார்ப்பார்கள். அவர் ஒரு பென்சிலுக்கு இந்த இரண்டையும் பார்ப்பார்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆன சமயம் அது. என் அப்பா ரயில்வேயில் இருந்தார். எங்கள் தெருவின் கடைசி வீட்டில், ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊதா நைனா தனியாக இருந்தார். ஹார்பரில் டாலி எழுதும் வேலை. கப்பலில் இருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு போடவேண்டும். நாலு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. வெயிலானாலும் மழையானாலும் அவர் அங்கே நின்று கோடு போட்டுக்கொண்டே இருப்பார்.

அந்த வேலைக்குச் சாதாரணப் பென்சில் ஆகாது. காப்பியிங் பென்சில் என்று ஒன்று கொடுப்பார்கள். பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கும். ஈரம் பட்டால் ஊதா மையாக மாறிவிடும், அப்புறம் யார் வந்தாலும் அழிக்க முடியாது. யாரும் கணக்கைத் திருத்தக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. எல்லோரும் அதைத் தண்ணீரில் தொட்டு எழுதினார்கள். நம் நைனா நாக்கில் தொட்டு எழுதினார். கோட்டுக்கு ஒரு தடவை நாக்கு. சாயங்காலம் தெருவில் நுழையும்போது நாவல்பழ மரத்தையே தின்றுவிட்டு வருகிறவர் மாதிரி இருப்பார். உதடு ஊதா, பல் ஊதா, சிரித்தால் உள்ளே போகப்போக ஊதா. வருஷக்கணக்காக ஊறிய நிறம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் போகாது.

அதனால் ஒரு பெரிய மானக்கேடு நடந்தது. எங்கள் மாதா கோயிலுக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்திருந்தார். முதல் ஞாயிறு பூசை. அந்தக் காலத்தில் நன்மை என்கிற அப்பத்தை வாங்க முழங்காலில் நின்று நாக்கை நீட்டவேண்டும். வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்த சாமியார், ஊதா நைனா நீட்டிய நாக்கைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து, மணி அடிக்கும் பையன் மேலேயே இடித்துக்கொண்டார். கோயிலில் அத்தனை பேரும் தலையைக் குனிந்து சிரித்தார்கள். நைனா நாக்கை உள்ளே இழுக்கவில்லை. நீட்டியபடியே, "ழோயி இழ்ழ ஃபாழர், ஹார்ழரு!" என்றார். நோய் இல்லை, ஹார்பர் என்று அர்த்தம். பக்கத்தில் முழங்காலில் இருந்த எனக்குத்தான் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. எனக்கு அப்படி ஒரு சுபாவம். யார் வெட்கப்படவேண்டிய விஷயமானாலும் அந்த வெட்கத்தை நான்தான் படுவேன்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் நைனாவோடு அனுப்பிவிடுவார்கள். பென்சிலும் ரப்பரும் அவர்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். அது எழுதாத சட்டம். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் முன்னால் நடப்பார், நாங்கள் வாத்துக்கூட்டம் போலப் பின்னால் போவோம். மார்க்கெட் பக்கம் ஓர் அண்ணாச்சியின் கடை. அவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். நாங்கள் முனை திரும்பும்போதே, "ஏலே, வாறான்வே ஊதா வாயன்! நல்ல பென்சிலெல்லாம் உள்ள தூக்கி வையி!" என்று கடைப்பையனிடம் கத்துவது எங்கள் காதில் விழும்.

"வச்சா வச்சிக்க அண்ணாச்சி. வாசன எனுக்கு இங்கியே வருது," என்பார் நைனா.

முதலில் பென்சிலைக் கண்ணாடிப்பெட்டி மேல் படுக்கவைத்து உருட்டுவார். நேராக ஓடினால் சரி. தடக் தடக்கென்று ஓடினால், "இது நொண்டுது. வேற குடு." அடுத்து முனையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, கரி நடுவில் இருக்கிறதா, ஓரமாக ஒதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். ஓரமாக இருந்தால் சீவச்சீவ உடையும். அடுத்து மரத்தை மோந்து பார்ப்பார். நல்ல பென்சிலுக்குத் தேவதாரு வாசனை வரவேண்டுமாம். வேறு வாசனை வந்தால், "இன்னா அண்ணாச்சி, கருவாட்டுப் பெட்டிய ஒடச்சி செஞ்சியா?" என்பார். அப்புறம் காதோரம் வைத்துச் சுண்டுவார். எங்கேயாவது கீழே விழுந்த பென்சிலாக இருந்தால் உள்ளே கரி துண்டுதுண்டாக உடைந்திருக்குமாம், சத்தம் மாறுமாம். நாங்கள் மூச்சுவிடாமல் நிற்போம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பாவம், உள்காயம்," என்று சொல்லி ஓரமாக வைப்பார்.

கடைசியில் நாக்கு.

"வே! வே! எச்சிப்பட்டத எவன்வே வாங்குவான்?" என்று அண்ணாச்சி பெட்டியைத் தாண்டிக் கையை நீட்டுவார்.

"எச்சியா? டெஸ்ட்டிங் அண்ணாச்சி. கம்பெனிலயே இப்டித்தான்."

"எந்தக் கம்பெனில வே? பேரு சொல்லும் பாப்போம்!"

"எங்க கம்பெனில."

"ஒம்ம கம்பெனில நீரு ஒருத்தருதான வே நக்குதீரு!"

இத்தனை பரீட்சையிலும் தேறிய பென்சிலைப் பிள்ளையின் விரலோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். மெலிந்த விரலுக்கு உருண்டை, தடித்த விரலுக்குப் பட்டை. இந்த இடத்தில்தான் எனக்கு உயிர் போகும். நான் வாயே திறக்காதவள். அதனால் எதையும் விளக்கிக் காட்ட என்னைத்தான் முன்னால் இழுப்பார். "பிலோ, கைய நீட்டு," என்பார். உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து, மார்க்கெட்டுக்கே கேட்கிற குரலில், "பாத்துக்கினியா அண்ணாச்சி? இது வேர்க்கற கை. அப்டியே ஊத்துது பாரு. உருண்டப் பென்சிலு குடுத்தா வயுக்கினு பூடும். ஆறு பட்டைதான் இதுக்கு லாயக்கு!" மீன் வாங்க வந்த பெண்களெல்லாம் நின்று என் கையைப் பார்ப்பார்கள். ஒருத்தி, "பயந்த கொயந்தைக்கிதான்டி கை வேர்க்கும்," என்பாள். அதைக் கேட்டதும் இன்னும் வேர்க்கும்.

ரப்பர் வாங்குவது வேறு கதை. பென்சிலைக் கொஞ்சுகிற மனிதருக்கு ரப்பரைக் கண்டால் கலக்கம். ஹார்பரில் டாலி எழுதுகிறவன் சட்டைப்பையில் ரப்பர் இருந்தால் அவனுக்கு வேலை போய்விடுமாம். கணக்கைத் திருத்துகிற திருடன் என்று அர்த்தமாம். அதனால் ரப்பர் முறை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். மதுவிலக்குக் காலத்தில் சாராயம் வாங்குகிறவன்கூட அப்படி முழித்திருக்கமாட்டான். "அந்த... வெள்ளையா... சின்னதா ஒண்ணு கீதே, அத்த எட்தா," என்பார். ரப்பர் என்ற வார்த்தையையே சொல்லமாட்டார்.

ஆனாலும் சோதனையில் குறை வைக்கமாட்டார். வளைத்துப் பார்ப்பார், வெடிக்கக்கூடாது. நகத்தால் அழுத்துவார், பள்ளம் உடனே எழும்பவேண்டும். பிறகு அண்ணாச்சி கடையின் வெள்ளைச் சுவரில் ஒரு கோடு இழுத்து அதை அழிப்பார். நல்ல ரப்பர் கோட்டை மட்டும் எடுக்கும். கெட்ட ரப்பர் கோட்டை விட்டுவிட்டுச் சுண்ணாம்பை எடுக்கும். வருஷாவருஷம் அப்படிச் செய்து, கடைச் சுவர் அம்மை வார்த்த முகம் போல ஆகியிருந்தது.

"தீபாவளிக்கு வெள்ளையடிச்ச செவுருய்யா! ஒமக்குக் கண்ணு இல்லியா?" என்பார் அண்ணாச்சி.

"அதான் அண்ணாச்சி, வெள்ளைல போட்டாத்தான் தெர்யும்."

தேறிய ரப்பரைக் கைக்குட்டையில் சுற்றி எங்கள் பைக்குள் தள்ளிவிட்டு, "ஜாக்ரத. மெய்யாலுமே தப்பு பண்ணாத்தான் எடுக்கணும். சொம்மா எடுத்து எடுத்துப் பாக்காத," என்பார். வேறு தெருப் பிள்ளைகளின் ரப்பர் மாசத்தில் கரைந்துபோகும். எங்கள் தெருவில் ரப்பரை எடுக்கவே பயந்து, வருஷக் கடைசியில் புத்தம்புதுசாக வைத்திருப்போம். தப்பு தப்பாகவே நோட்டில் இருக்கும், அடியும் வாங்குவோம்.

இப்போது எனக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். சொல்ல இப்போதும் முகம் சூடாகிறது.

நான் ஐந்தாவது முடித்தேன். எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் அதற்குமேல் இல்லை. ஆறாவது படிக்க வேண்டுமானால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். அங்கே சேர ஒரு பரீட்சை உண்டு. எனக்கு டீச்சராகவேண்டும் என்று ஆசை. வாயே திறக்காத பெண் டீச்சராகி என்ன செய்வாள் என்று கேட்காதீர்கள், ஆசைக்கு அதெல்லாம் தெரியாது. அம்மாவுக்குக் கைக்குழந்தை வேறு இருந்தது, என்னை வீட்டோடு நிறுத்திக்கொள்ள நினைத்தாள். அப்பாதான், "எய்தட்டும். பாஸ் பண்ணா அனுப்புறேன். இல்லாங்காட்டி வூட்லயே கொயந்தைய பாத்துகினு கெடக்கட்டும். ரெண்டாவது வாட்டிலாம் கெடையாது," என்று முடிவாகச் சொன்னார். ஆகவே என் படிப்பு முழுக்க அந்த ஒரு காலைப் பொழுதில் தொங்கியது.

விஷயம் தெரிந்ததும் ஊதா நைனா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு புதுக் காப்பியிங் பென்சில். ஹார்பரில் அவருக்குக் கொடுத்ததில் இருந்து, உருட்டி, மோந்து, சுண்டி, எல்லாம் பார்த்துத் தனியாக எடுத்துவைத்ததாம். நாக்கு மட்டும் வைக்கவில்லை. எனக்காக அந்த ஆசையை அடக்கிக்கொண்டார்.

"ஸ்கூல் பென்சிலு எதுக்கு? அதுல எய்தினா எவன் வேணா அயிச்சிட்டு வேற போட்டுக்குவான். பெர்ய எடம், எத்தினி பணக்காரப் பொண்ணுங்கோ எய்துது. பிலோ எய்துனது பிலோ எய்துனதாவே இருக்கணும்," என்றார்.

கூடவே கைக்குட்டையில் இருந்து ஒரு ரப்பரையும் எடுத்தார். அதற்காக அண்ணாச்சி கடையில் ஒரு காலைப்பொழுது முழுவதும் நின்று, சுவரில் புதிதாக ஒரு பக்கத்தையே காலி பண்ணிவிட்டு வந்திருந்தார்.

அம்மா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே கேட்டாள். "அயியாத பென்சிலுக்கு எதுக்குய்யா ரப்பரு?"

நைனா யோசித்தார். ஹார்பரில் இந்த இரண்டையும் ஒரே கையில் வைத்திருந்தவர் யாரும் இல்லை. அதனால் அவருக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை.

"தைரியத்துக்குத்தாம்மா," என்றார் கடைசியில். "பரீச்சன்னா பக்கத்துல ஒண்ணு இருக்கணும். பிலோதான் தப்பே பண்ணாதே."

பரீட்சை அன்று ஈஸ்டருக்குத் தைத்த வெள்ளைக் கவுனைப் போட்டு அனுப்பினாள் அம்மா. பெரிய கூடம், உயரமான ஜன்னல்கள், யாரையும் தெரியாது. பென்சிலைப் பிடித்ததுமே உள்ளங்கை ஊற ஆரம்பித்தது. ஆனால் கணக்கெல்லாம் எனக்குத் தெரிந்த கணக்கு. விறுவிறுவென்று போட்டுக்கொண்டு போனேன். கடைசிக் கணக்கு கூடைகளில் இருக்கும் தேங்காய். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கை ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டது.

ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். நாலு அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்போது எந்தப் பிள்ளையும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ரப்பரின் முனையை நாக்கில் நனைத்துத் தேய்த்தேன்.

ஊதாப் பூ விரிந்தது போல இருந்தது. முதலில் நாலு மட்டும். பிறகு கணக்கு முழுவதும். பதறிப்போய் உள்ளங்கையால் துடைத்தேன். அது வேர்க்கிற கை, பக்கம் முழுக்க ஊதா ஓடியது. மறுபடி ரப்பரை நாக்கில் வைத்தேன், அதில் இருந்த ஊதாவெல்லாம் நாக்குக்கு வந்தது. அந்த ஈரத்தின் மேலேயே ஐம்பத்தாறு என்று எழுதினேன். நெற்றியில் வழிந்த வேர்வையை வேறு துடைத்துக்கொண்டேன்.

பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்து வீறிட்டாள். "டீச்சர்! டீச்சர்! இந்தப் பொண்ணு விஷத்த குட்ச்சிட்சி! வாயெல்லாம் ஊதாவா கீது!"

கூடமே எழுந்து நின்றது. இரண்டு சிஸ்டர்கள் என்னைத் தூக்காத குறையாகக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றினார்கள். ஊற்றஊற்ற நிறம் கூடியது. கவுன் போயிற்று. கழுத்து போயிற்று. காதுகூடப் போயிற்று. அந்தக் கோலத்தில் வீடு வரைக்கும் நடந்தேன். தெரு முனையில் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள், "டேய், ஊதா நைனாவுக்குப் பொண்ணு பொறந்துகீது டோய்!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தார்கள். வீட்டுக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஊதா நைனா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். "வா பிலோ. கப்பல்ல மயைல நனைஞ்சி கஞ்சியா போன டாலியவே நான் பட்ச்சிக்கீறேன். இந்த ஒரு பேப்பரு இன்னா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் முகத்தை அம்மாவின் பழைய சேலைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெரிய மதர் கண்டிப்பானவர், ஆனால் பொறுமையாகக் கேட்டார். என் தாளை மேசை இழுப்பறையில் இருந்து எடுத்தார். காய்ந்து மொடமொடவென்று, நிறம் போன துணி மாதிரி இருந்தது.

"இதை யாரால் படிக்க முடியும்?" என்றார்.

"என்னால முடியும் மதர்."

நைனா தாளை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். ஹார்பரில் கூவுகிற அதே குரலில் படிக்க ஆரம்பித்தார். "மொதக் கணக்கு! முந்நூத்தி பன்னண்டு! அட்த்தது! ஆயிரத்தி நாப்பது! சரியா மதர்? மேல போ!" மேலே போகச் சொன்னது மதரை. கிரேனுக்குச் சொல்லிப் பழகிய வாய். சத்தம் கேட்டு வராந்தாவில் சிஸ்டர்கள் கூடிவிட்டார்கள், பெரிய பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். நான் துண்டை இன்னும் இழுத்து மூடினேன். மதர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"எல்லாம் சரிதான். இன்னும் கடைசிக் கணக்கு ஒன்றுதான். அதுவும் சரியாக இருந்தால் இந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்கிறேன்," என்றார்.

நைனா தாளைக் கிட்டே கொண்டுபோனார். தூரமாகப் பிடித்தார். சாய்த்தார்.

"மொதல்ல போட்டது அம்பத்தி நாலு. அப்பால அத்த அயிக்கப் பாத்துக்கீது. அதும்மேல ஒண்ணு போட்டுக்கீது."

"அந்த மேலே போட்டது என்ன? ஐம்பத்தாறா?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். வேறு எந்த மனிதரானாலும் ஆட்டியிருப்பார். அவர் ஆட்டட்டும் என்றுதான் மதரே அப்படிக் கேட்டார். நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் நெற்றியில் வேர்த்தது.

"அஞ்சு தெர்யுது மதர். அட்த்தது ஆறா எட்டான்னு... தெர்ல."

"நன்றாகப் பாருங்கள்."

"பாத்துட்டேன் மதர். தெர்லன்னா தெர்லன்னுதான் சொல்லணும். எங்க வேல அப்டி."

மதர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லம்மா. நீதானே எழுதினாய். என்ன எழுதினாய்?"

ஐம்பத்தாறு என்பது என் வாய் நிறைய இருந்தது. ஆனால் சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்கவேண்டும். திறந்தால் நாக்கு தெரியும். அது அன்றைக்கும் அடர் ஊதாவாக இருந்தது. ஜன்னலில் அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லு கண்ணு. மெதுவா சொல்லு. இன்னா போட்ட?" என்றார் நைனா. அவர் குரலை அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. மதர் நெடுநேரம் காத்திருந்தார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றார். எங்கள் வீட்டில் அடுத்த வருஷம் கிடையாது என்று மதருக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று போயிற்று. எதைக் கண்டாலும் எண்ணுகிற மனிதர், அது முழுக்கப் போகும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா சத்தம் போட்டாள். "நீ ஒன் தைர்யத்தையும் ரப்பரையும் தூக்கினு வரலன்னு இப்ப யாருய்யா அயுதா?" அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கேட்டுவிட்டு, "வுடு, போனது போச்சி," என்று சாப்பிட உட்கார்ந்தார். அதோடு என் படிப்பு முடிந்தது. நைனா வாசலிலேயே நின்றார், அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டு வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டார். தெருக்கோடியில் இருந்து பின்பக்கமாகக் கடற்கரை மணலில் இறங்கி, சுற்றிக்கொண்டு ஹார்பருக்குப் போனார். பென்சிலை நாக்கில் தொடுவதையும் நிறுத்திவிட்டார், ஈரத்துணி ஒன்றை வைத்துக்கொண்டார் என்று அப்பா சொன்னார். மாசம் போகப்போக ஊதா வெளுத்தது. ஒருநாள் கோயிலில் பார்த்தேன். எல்லோரையும் போலச் சாதாரண வாய். துணி இல்லாமல் நிற்கிறவரைப் பார்த்துவிட்டது போல எனக்குக் கூச்சமாகிவிட்டது. சாமியாரேகூட நன்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யார் இவர் என்று பார்த்தார்.

மறுபடி ஜூன் வந்தது. தெருப் பிள்ளைகள் தங்கள்பாட்டுக்குப் போய் ஆளுக்கொரு பென்சில் வாங்கிவந்தார்கள். சீவினால் உடைந்தது, சீவாவிட்டாலும் உடைந்தது. நான் உப்பு வாங்கக் கடைக்குப் போனபோது அண்ணாச்சியே கேட்டார். "ஏட்டி, அந்த ஊதா வாயன எங்க? ஆளையே காணோம். செவுரு வெள்ளையா கெடக்கு, பாக்கச் சகிக்கல."

உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூன்றாவது போகப்போகிற என் தங்கச்சி ஜெசியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவின் கடைசி வீட்டுக்குப் போனேன். நைனா அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். என் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

நானாகப் போய் ஒரு பெரியவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நைனா, ஜெசிக்குப் பென்சிலு வாங்கணும். வாங்க."

"வாணாம் பிலோ. நான் வாங்கிக் குட்த்தா வெளங்குமா?"

ஜெசியின் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இவுளுக்குக் கை வேர்க்காது நைனா."

அவர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஊசியைச் சட்டையிலேயே குத்திவிட்டு, அதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மார்பில் நூல் தொங்கிக்கொண்டே வந்தது.

அண்ணாச்சி எங்களைப் பார்த்தும் பையனிடம் எதுவும் கத்தவில்லை. பென்சில் பெட்டியை முழுசாக எடுத்து முன்னால் வைத்தார். நைனா உருட்டினார். முனையைப் பார்த்தார். மோந்தார். காதில் வைத்துச் சுண்டினார். கடைசியில் பென்சிலை வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டு, என்னைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கினார்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "நக்கும்வே! சும்மா நக்கித் தொலையும்! நா ஒண்ணும் சொல்லல்ல!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மிளகாய் மூட்டை பக்கத்தில் இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

ஜெசி பத்தாவது வரைக்கும் படித்தாள். கடைசிவரை அவர் தேர்ந்தெடுத்த பென்சில்தான்.

எனக்குக் கல்யாணமாகித் திருவொற்றியூர் வந்த பிறகு அவர் தவறிவிட்டார். நான் பிள்ளைபெற்றுப் படுத்திருந்ததால் அடக்கத்துக்குப் போகமுடியவில்லை. நான் எழுதியதில் மறந்ததும் மாறியதும் இருக்கலாம். அந்தக் காலத்து ராயபுரத்து ஆட்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக அவருடைய ஞானஸ்நானப் பெயர் என்ன என்று விசாரித்துச் சொன்னால் புண்ணியமாக இருக்கும். பெயர் தெரியாததால் எது அவருடைய கல்லறை என்று எனக்குத் தெரியவில்லை. கல்லறைத் திருநாள் அன்று, பெயர் அழிந்துபோன ஒரு கல்லாகப் பார்த்து, இவராகத்தான் இருக்கும் என்று வருஷாவருஷம் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன். அது அவருக்குப் போய்ச் சேருகிறதா என்று தெரிந்துகொள்ளவேண்டும்.